குளிர்த்திப் பாட்டைச் சபையில் பாடலாமா?

தெய்வத்துக்கென்று உண்டான ஒரு பாட்டை, மனிதர் கேட்டு மகிழ்வதற்காகப் பாடலாமா? பாடினால் அது வழிபாடாகவே நிற்குமா? எங்கள் பாட்டுக் கூட்டம் இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்து நின்றது. சிலர் வருவதையே நிறுத்திவிடப் பார்த்தார்கள். அதனால் என் மனதில் பட்டதை எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருக்கடலூர்க் கரையில், வலை பொத்தும் கொட்டில் ஒன்றில் போயா இரவுகளில் கூடுகிறோம். நிறைநிலவில் வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் தொழில் மந்தம் என்பதால் கடலுக்குப் போகிறவர்களும் அன்று கரையில் இருப்பார்கள். விடுமுறை நாளானபடியால் கந்தோர்க்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள். கூத்துப் பாட்டு, வசந்தன், தாலாட்டு, கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டு, கிண்ணியாவிலிருந்து வருகிறவர்களின் களிகம்பு என்று நடுச்சாமம் தாண்டிப் போகும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அவர்கள் பாதையேறித்தான் கடல் கடக்க வேண்டும். இரவில் திரும்பிப் போக வழியில்லாமல் பாதிப் பாட்டோடு எழும்பிப் போவார்கள். இப்போது அந்த அவசரம் இல்லை. நான் மத்தளம் அடிப்பவன். துறைமுகப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். சாத்திரம் முறையாகப் படித்தவனல்ல, ஆனால் சிறுவயது முதல் பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்து வந்தவன்.

கேள்வியைக் கொண்டுவந்தவர் கோணேசபுரி வளாகத்தில் படித்த ஒரு தம்பி. வைகாசி இரவு நிகழ்ச்சியில் கண்ணகையம்மன் குளிர்த்திப் பாட்டையும் சேர்ப்போம் என்றார். எங்களோடு காவியம் படிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் உடனே மறுத்துவிட்டார்.

“தம்பி, அது அம்மாளுக்குப் பாடுறது. கதவு திறக்காம அவவைக் கூப்பிடப்படாது. வருத்தக்காரர் இல்லாத வீட்டில ஆருக்கு மருந்து கரைக்கிறது?”

தம்பியும் விடவில்லை. “அப்ப இது அழிஞ்சு போகட்டும் எண்டு விடுறதா ஐயா? கோயிலுக்கு வாற சனம் குறைஞ்சு போச்சு. படிக்கிற ஆளும் இந்தப் பக்கத்தில நீங்கள் ஒராள்தான்.”

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பெரியவர் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று இளைஞரும், இளைஞருக்குப் பக்தி இல்லை என்று மூத்தவர்களும் பேசத் தொடங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் சொன்ன காரணத்தை யாரும் நின்று யோசிக்கவில்லை.

கிழக்குக் கரையில் கண்ணகை வழிபாடு எப்படி நடக்கிறது என்பதை அறியாதவருக்கு அந்தக் காரணம் விளங்காது. அநேகமான கோயில்களில் வருடம் முழுதும் கதவு சாத்தியிருக்கும். வைகாசியில் திறப்பார்கள். திறந்த நாள் முதல் இரவிரவாக, சந்நிதியில் இருந்து, உடுக்கு ஒலிக்க வழக்குரைக் காவியம் படிப்பார்கள். கோவலன் கதை, சிலம்பு விற்கப் போனது, கொலை, பாண்டியன் சபையில் கேட்ட நீதி, மதுரை எரிந்தது எல்லாம் அதில் வரும். எரித்தவளின் கோபம் அடங்க வேண்டும். அதற்குத்தான் கடைசியில் குளிர்த்தி. மஞ்சள் நீரும் வேப்பிலையும் வைத்து, பாட்டாலேயே அவளைக் குளிரச் செய்கிறார்கள். அந்த நீர் சனங்கள் மேலும் தெளிக்கப்படும். அதன்பின் கதவு சாத்தப்படும். எங்கள் ஊரில் கொப்புளிப்பானுக்கு இன்றும் அம்மாள் வருத்தம் என்றுதான் பெயர். அவள் சூடு தணியாவிட்டால் ஊருக்குச் சூடு என்பது எங்கள் பாட்டிமாரின் உறுதியான நம்பிக்கை. தம்பலகாமத்துக்கு அண்மையில் பாலம்போட்டாற்றுப் பத்தினி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள் இன்னும் அந்த நம்பிக்கையோடுதான் போகிறார்கள். சிங்கள மக்களும் பத்தினி தெய்யோ என்று அவளையே கும்பிடுகிறார்கள். ஆக, இந்தப் பாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு காலம் இருக்கிறது, பாட்டைப் பெற்றுக்கொள்கிறவளும் அங்கே இருக்கிறாள். காவியத்தைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்து நூலாகவும் தந்திருக்கிறார். புத்தகத்தில் யாரும் வாசிக்கலாம். பெரியவர் அதை எதிர்க்கவில்லை. பாடுவதைத்தான் எதிர்த்தார்.

ஆனால் இதே திருகோணமலையில் இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் இருக்கிறது. கோணேசர் மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம். ஏழாம் நூற்றாண்டில் அவர் இங்கே வந்து பாடவில்லை. இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோணமாமலையை நினைத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். கதவும் திறக்கவில்லை, சந்நிதியும் இல்லை, நடுவில் கடல். அந்தப் பாட்டு வந்து சேரவில்லை என்று எந்தச் சைவனும் சொல்லமாட்டான்.

அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அதன் கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1950 இல் நகரத்தில் நிலத்தைத் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் வெளிவந்து, 1963 இல் மலைமேல் மறுபடி குடமுழுக்கு நடக்கும்வரை, மூன்று நூற்றாண்டுக்கு மேல் பழைய கோயில் அங்கே இல்லை. பாறை மட்டும் இருந்தது. அந்தப் பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துப் பூசை செய்ததை ஆங்கிலேயர் காலத்தில் இங்கு வந்தவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். இடிக்க முடிந்ததை இடித்த பிறகும் பதிகம் வாயில் இருந்தது. கோயில் இல்லாத தலைமுறைகளுக்கு அந்தப் பத்துப் பாட்டுத்தான் கோயில்.

ஒரே கரை, இரண்டு முறை. ஒரு பாட்டைக் கதவு திறக்காமல் பாடக்கூடாது. இன்னொன்றைக் கோயிலே இல்லாமலும் பாடலாம். இதில் ஒன்று பாமர நம்பிக்கை, மற்றது உயர்ந்த சமயம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பதிகம் துதி. துதிக்கு இடம் வேண்டியதில்லை, நினைவு போதும். குளிர்த்தி ஒரு பரிகாரம். எரிந்துகொண்டிருக்கும் ஒருத்தியைக் கிட்டப்போய்த் தணிப்பது. கிட்டப்போகாமல் தணிக்க முடியாது. பாட்டு எதைச் செய்வதற்காக உண்டானதோ, அதை அந்த இடத்தில் செய்ய முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. பாடும் இடத்துக்குப் பரிசுத்தம் உண்டா இல்லையா என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

சம்பந்தரின் பதிகத்தில் இன்னொன்று இருக்கிறது. அதுதான் என்னை இந்த விஷயத்தில் அதிகம் யோசிக்கவைத்தது. கடைசிப் பாட்டில் பலன் சொல்லும்போது, பாடுகிறவருக்கு மட்டும் அவர் பலன் சொல்லவில்லை. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் பழவினை சேராது என்கிறார். இரண்டு பேரும் உயர்ந்தோருக்குச் சுற்றமாவார்கள் என்கிறார். கேட்பது வெறுமனே இருப்பதல்ல, அதுவும் ஒரு செயல் என்று ஒப்புக்கொண்டால்தான் இப்படிச் சொல்ல முடியும். கேட்டு, அதனால் உறவாகிவிடுவது. அப்படியானால் சபையில் உட்கார்ந்திருப்பவர் எந்த வகையில் கேட்கிறார் என்று கேட்காமல் எங்கள் சிக்கலைத் தீர்க்க முடியாது.

கூத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியில் இருந்ததைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. படித்தவர்கள் கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று தள்ளிவைத்திருந்த காலம் அது. கூத்தைத் தலைநிமிர வைத்தது அந்த முயற்சி. அந்தக் கடனை நாங்கள் மறக்கக்கூடாது. பின்னாளில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறு வழி போனார்கள். கூத்தை அதன் சமூகத்துக்குள்ளேயே, ஊராரோடு இருந்து, ஊராரே மீளுருவாக்க வேண்டும் என்றார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்பவன். காரணம் இதுதான்: மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கூத்துக்குச் சட்டங்கொடுப்பது, சதங்கை கட்டுவது, அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றம் என்று ஊரே கூடும் கட்டங்கள் உண்டு. அரங்கேறிய பின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். முற்றத்தில் தருமர் நிற்கிறார் என்றால் அந்த வீட்டார் ஏதாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும். மேடைக்கு முன்னால் இருட்டில் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் கைதட்டலாம், தட்டாமலும் போகலாம். அவரில்லாமலும் கூத்து முடியும்.

அம்பாப் பாட்டில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். கரைவலையை இரண்டு பக்கமும் நின்று இழுக்கும்போது ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். கச்சான் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி போடுகிற தொழிலாளரும் இந்தக் கரையில் இருப்பார்கள். பாட்டெடுப்பவர் பிள்ளையாரைக் கூப்பிடுவார், மாதாவைக் கூப்பிடுவார், நாகூர் ஆண்டவரைக் கூப்பிடுவார். அது அவரவர் சமயம். பின்பாட்டான ஏலேலோவுக்குச் சமயம் கிடையாது. எல்லா வாயும் அதைச் சொல்லும். சொல்லாதவன் கை தளரும், கயிறு அவன் பக்கத்தில் தொய்யும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். கேட்பவன் என்று தனியாக அங்கே ஒருவனும் இல்லை. உழவு இயந்திரத்தில் உருளை பூட்டி வலை இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டு நின்றுபோனது. யாரும் தடைசெய்யவில்லை, யாரும் மறக்கவும் இல்லை. உருளைக்குப் பின்பாட்டுத் தேவைப்படவில்லை.

எங்கள் கொட்டிலில் அம்பாவை முதலில் கதிரை போட்டுத்தான் பாடினோம். நல்ல குரல்கள், தாளமும் பிசகவில்லை. ஆனால் பாட்டு நிமிரவில்லை. அதைச் சொன்னவர் ஒரு சம்மாட்டியார். வாடை எழும்புமுன், ஐப்பசியில், வள்ளங்களையும் பைபர் போட்டுகளையும் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து வைக்கவேண்டும். “எப்படியும் இழுக்கத்தானே வேணும், அண்டைக்குப் பாடுங்கோவன்” என்றார். அன்றிலிருந்து ஐப்பசிப் போயாவில் அம்பா. வந்தவர் எல்லாருக்கும் கயிற்றில் இடமுண்டு. பாரம் உண்மையான பாரம். கந்தோர்க்காரர் கை சிவந்துபோகிறது, பிள்ளைகள் மணலில் விழுந்தெழும்புகிறார்கள். அந்த இரவில் பாட்டு எவ்வளவு பெரிதாக எழும்புகிறது என்பதை மத்தளத்துக்குப் பின்னால் இருந்து நான் கேட்டிருக்கிறேன். சரியாகச் சொன்னால், அன்று எனக்கு மத்தளத்தில் வேலையில்லை. நானும் கயிற்றில்தான் நிற்பேன்.

இதைப் பற்றிக் கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவரோடு நீண்டநேரம் கதைத்திருக்கிறேன். அவர் அரபு மத்ரசாவில் படிப்பித்தவர், களிகம்பு அண்ணாவியாரும்கூட. பாட்டு ஆகுமா ஆகாதா என்று அவருடைய மார்க்கத்துக்குள்ளேயே நெடுங்காலமாக விவாதம் உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பாட்டு உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறிவிடுகிறது என்பது இமாமின் கருத்து. இறைவன் மேல் அன்புள்ளவனுக்கு அந்த அன்பு கிளறும், வேறொன்று உள்ளவனுக்கு அந்த வேறொன்று கிளறும். வட ஆபிரிக்காவில் அகுஸ்தீனாரும் இதே கவலையில் கிடந்தவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலால் தாம் அதிகம் உருகிவிடும்போது அதைப் பாவமென்றே அறிக்கையிட்டிருக்கிறார்.

நானா சொன்னதை நான் மதிக்கிறேன். முழுதும் ஏற்க மாட்டேன். தனியாக இருந்து கேட்பவனுக்கு இமாமின் சொல் பொருந்தும். பதில் சொல்லிப் பாடுகிறவனுக்கு இன்னொன்றும் நடக்கிறது. அவன் கொண்டுவராத ஒன்று அவனுக்குள் வருகிறது: பக்கத்தில் நிற்பவன். கயிற்றில் எனக்கு முன்னால் நின்றவரை அதற்கு முன் நான் அறியேன். இப்போது அவர் வீட்டு நன்மை தின்மைக்குப் போகிறேன். சம்பந்தர் சுற்றம் என்று சொன்னதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன், பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதிரை வைத்துக் கேட்பதெல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. தாலாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் முடியும். ஸ்காபரோவில் இருக்கும் எங்களூர்ப் பெண் ஒருத்தி தொலைபேசிக் காணொளியில் எங்கள் இரவுகளைப் பார்ப்பாள். அவளுக்கு அது பகல். பின்பாட்டு வரும் இடத்தில் அவளும் சொல்வாள். ஒலி சற்றுப் பிந்தித்தான் இங்கே வந்து சேரும். கடலுக்கு அப்பாலிருந்து பாடப்பட்ட ஊர்க்காரர் நாங்கள், அதைக் குறைவென்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

ஒப்பாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நிகழ்ச்சியில் சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தோம். சாவு இல்லாமல் ஒப்பாரி வைப்பது தரித்திரம் என்று பெண்கள் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டோம். ஒரு இரவு சம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா தாலாட்டுப் பாடினார். 2006 இல் அவர்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள். 2015 இல்தான் காணிகள் திரும்பிவரத் தொடங்கின. மகன் போன இடம் அவருக்கு இன்றுவரை தெரியாது. தாலாட்டு நடுவில் தானாகவே ஒப்பாரியாக மாறிவிட்டது. மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ள மாட்டாத தாய், அவனுக்கு ஒப்பாரி வைக்கவும் முடியாதவர். தாலாட்டுக்குள் ஒளித்துத்தான் அவரால் அதைப் பாட முடிந்தது. அங்கிருந்த பெண்கள் எழும்பிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே பாடினார்கள். யாரும் கைதட்டவில்லை. யாரோ எடுத்த காணொளியைத் தம்பிதான் அழிக்கச் சொன்னார். குளிர்த்தியை நிகழ்ச்சியில் சேர்க்கக் கேட்ட அதே தம்பி. அந்த இரவுக்குப் பிறகு பெரியவரோடு அவர் வாதாடவில்லை. பெண்களும் கட்டிப்பிடித்து அழுவதற்கு ஒரு இடம் வேண்டும், அது இந்தக் கொட்டிலாக இருந்தால் இருக்கட்டும் என்று பெரியவர் சொன்னார். அதுவும் ஒரு குளிர்த்திதான் என்று நான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆகவே என் முடிவு இது. குளிர்த்திப் பாட்டைச் சபையில் பாடக்கூடாது. தெய்வக்குற்றம் வரும் என்ற பயத்தால் அல்ல. தணிக்கப்பட வேண்டியவள் அங்கே இல்லாதபோது, தணிப்பதுபோல் நடிக்க வேண்டிவரும். அம்மாளின் கோபம் நடிக்கிற விஷயமல்ல. நீதி கிடைக்காத ஒரு பெண்ணின் கோபம் அது. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கோபத்தோடு இன்னும் எத்தனையோ பெண்கள் உயிரோடிருக்கிறார்கள். ஆனால் பதிகத்தை எங்கும் பாடலாம். அம்பாவைப் பாரம் இருக்கும் இடத்தில் பாடலாம். கூத்தைச் சனம் சூழ்ந்திருக்கும் களரியில் ஆட வேண்டும். தாலாட்டை யாரும் யாருக்கும் பாடலாம்.

அழிந்துபோகுமே என்று தம்பி கேட்டதற்கும் விடை வேண்டும். சபையில் பாடினால் பாட்டின் ஒலி தப்பும். படிக்கிறவர் தப்பமாட்டார். தம்பி இப்போது பெரியவருக்குப் பின்னால் இருந்து ஏடு பார்த்துக் காவியம் படிக்கப் பழகுகிறார், உடுக்குப் பிடிக்கவும் கை வந்துவிட்டது. வைகாசி நிறைநிலவில் நகரமெங்கும் வெசாக் கூடுகள் எரியும். அந்த இரவு எங்கள் கொட்டில் பூட்டியிருக்கும், எங்கள் கூட்டம் கோயிலில் இருக்கும்.

உங்கள் ஊரிலும் காவியம் படிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். தொலைபேசியில் அவரைப் பதிவுசெய்து அனுப்புமுன், ஒரு வைகாசி முழுதும் அவருக்குப் பின்னால் இருந்து படியுங்கள். பின்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.